பேர் குடுங்க

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் குடுப்பது என்றால் ஒரே அர்த்தம்தான்: இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுப்பது. பேர் குடுத்தவர்கள் ஒரு நாள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, லயத்து வீடுகளெல்லாம் கூடி ஒப்பாரி வைக்க, பதுளையில் ரயில் ஏறுவார்கள். தலைமன்னாரில் கப்பல். அதற்குப் பிறகு அவர்கள் எங்களுக்குச் செத்தவர்கள் மாதிரிதான்.

மாவுக்கும் அரிசிக்கும் ஊரே அல்லாடிய அந்தப் பஞ்ச வருஷத்தில் நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. சத்தமில்லாத பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

அப்போதுதான் பதுளையிலிருந்து ஒரு டீச்சர் தன் சிநேகிதிகளோடு வந்தாள். கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். பயறும் சீனியும் அவர்கள் தருவார்கள், விறகு எங்களுடையது. தாய்மார் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சி, மத்தியானம் பிள்ளைகளுக்கு ஊற்ற வேண்டும். நல்ல மனசுக்காரி. ஆனால் லயத்தில் ஒரு நாளும் குடியிருக்காதவள். வாய் நிறையச் சிரிப்போடு தாய்மாரிடம் சொன்னாள்:

“ரொம்ப மெலிஞ்ச பிள்ளைகளுக்குத்தான் முதல்ல. அவங்க பேரைக் குடுங்க.”

அவ்வளவுதான். முற்றம் காலி. “ஏய், இது கஞ்சிக்குடீ, கப்பலுக்கு இல்ல!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? எல்லோரும் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் ஓடினார்கள்.

வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே அந்த மனிதருக்குப் பிடிக்காது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “சும்மாவா கஞ்சி ஊத்துவாங்க? மெலிஞ்சதுகள மொதல்ல கப்பல்ல ஏத்தத்தான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னது என்று நாலைந்து நாளில் முக்கால்வாசிப் பேருக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகள் கஞ்சிக்கு வந்தார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்துக் காம்பராக்காரி. புருஷன் செத்துப்போயிருந்தான். ஒரே அக்கா பேர் குடுத்துப் போனவள். போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு பெண் பிள்ளை, நாலு வயது. அந்தத் தோட்டத்திலேயே மெலிந்த பிள்ளை அதுதான். அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இவள் கொழுந்து மலைக்குப் போக ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நான் கஞ்சி கொண்டுபோனால் வாங்கிச் சாக்கடைக் கானில் ஊற்றுவாள்.

“அடிப்பாவி, புள்ள பசியில கெடக்கு!”

“இதக் குடிச்சா பேரு குடுத்த மாதிரிக்கா. கணக்கப்புள்ள ஐயாவே சொல்லிட்டாருல்ல.”

நான் ஏசினேன், கையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். நான் ஆயா, அவர் கணக்கப்பிள்ளை. என் பேச்சு எங்கே எடுபடும்?

ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடக்கும். “யாரு கேட்டாலும் பேரச் சொல்லக்கூடாது. சொன்னா தூக்கிட்டுப் போயிருவாங்க. எங்க, ஒன் பேரென்ன?” ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். பிள்ளை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. அவள் சிரித்து, அதன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. சாப்பாடில்லாத வீட்டில் அந்தச் சிரிப்பாவது கிடைத்ததே.

பிறகு பிள்ளைக்குக் காலும் முகமும் வீங்கின. பயறுக் கஞ்சி குடித்திருந்தால் வந்தே இருக்காத பசி வீக்கம். அப்போதுதான் அவள் அலறிக்கொண்டு என்னிடம் வந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றிவிடச் சொல்லிக் கணக்கப்பிள்ளையின் காலில் விழுந்தோம்.

“லொறி கொழுந்துக்கு. ஆளுக்கு இல்ல” என்றார். அந்த மனிதர் கடைசி வரை நன்றாகத்தான் வாழ்ந்தார். ஒரு தலைவலிகூட வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பசறைக்கு மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். கொழுந்துக் கூடையைவிடப் பிள்ளை இலேசு. அங்கிருந்து பஸ் பிடித்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தமிழ் தெரிந்த டாக்டர். பிள்ளைக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்து, “உன் பேரென்ன கண்ணு?” என்று கேட்டார்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. வீங்கிய கைகளை மெல்லத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டது.

“சொல்லு தாயி” என்று அவள் கதறினாள். “இவங்க நல்லவங்கடி. சொல்லு தாயி, ஒன் பேரச் சொல்லு.”

பிள்ளை கையை எடுக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது, வழக்கமாகக் கிடைக்கும் அந்தச் சிரிப்புக்காக. அவளுக்கு அது விளங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.