நடப்பதற்கு முன்பே அச்சான விழா

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், புத்தாண்டு அன்று சாயங்காலம் நடந்த விழாவில் என்னென்ன நடந்தது என்று மூன்று நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். ஜோசியமெல்லாம் இல்லை. அச்சடித்து, கட்டுக் கட்டி, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தது.

அப்பாவுக்குக் கவரைப்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. கண் முகாம் நடத்துவது, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கித் தருவது, நடத்தினதையும் தந்ததையும் மறக்காமல் போட்டோ எடுப்பது, இதெல்லாம் அதன் வேலை. உறுப்பினர்கள் எல்லாரும் சொந்தமாக போர்டு மாட்டியவர்கள். தலைவர் கம்பி கம்பெனி முதலாளி. அடுத்து ஒரு லாரி முதலாளி, ஒரு மருந்துக்கடைக்காரர். அடுத்தவர் கம்பெனியில் கார்டு அடித்துவிட்டு உள்ளே போகிற ஆள் அப்பா ஒருவர்தான். அப்படிப்பட்டவரை அந்த வருஷம் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். அப்பா தரையில் நடப்பதையே விட்டுவிட்டார் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

சங்கத்துக்கு மாதாமாதம் ஒரு செய்தி மடல் உண்டு. நாலே பக்கம். புத்தாண்டு மடலை விழா அன்றைக்கே, வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும், அதுதான் கௌரவம். ஆனால் பிரஸ்காரர் பண்டிகை நாளில் ஷட்டரைத் தூக்கவே மாட்டார். அதனால் விழாச் செய்தியை முன்கூட்டியே, நடந்து முடிந்த மாதிரியே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பது என்பார்களே, எங்கள் சங்கத்தில் காதும் குத்திவிடுவார்கள்.

கட்டைப் பிரித்து நான்தான் முதலில் படித்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“விழா மாலை சரியாக ஆறு மணிக்குத் தொடங்கியது. செயலாளரின் மகள் தேனினும் இனிய குரலில் இறைவணக்கம் பாடினாள். மாவட்ட ஆளுநர் மண்டப வளாகத்தில் மரக்கன்று நட்டார். முதியோர் ஐம்பது பேருக்குப் போர்வை வழங்கப்பட்டது. நிறைவாக, செயலாளரின் துணைவியார் நன்றியுரை ஆற்றினார்.”

அம்மா கையில் இருந்த மீன் நழுவி அலுமினியத் தட்டில் விழுந்தது.

“இன்னாது? நான் எப்போ பேசனேன்?”

“பேசப் போறல்ல?” என்றார் அப்பா. “புத்தாண்டுக்கு செயலாளர் ஊட்டுக்காரம்மாதான் நன்றி சொல்லணும். வருஷா வருஷம் அதான் வழக்கம்.”

“எனக்கு அன்னிக்கு ஓ.டி. கீது. வேற ஆளப் பாத்துக்க.”

அம்மாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கூடுதல் நேரம் வேலை பார்த்தால் அதுதான் ஓ.டி. போன வருஷப் புத்தாண்டு விழாவுக்கு ஆசையாகப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள், அதற்கப்புறம் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. எப்போது கூப்பிட்டாலும் ஷிப்ட்டு, ஓ.டி., தலைவலி, இந்த மூன்றில் ஒன்று தயாராக இருக்கும். அப்பா அதற்கு மேல் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. மடல் கட்டை மறுபடியும் ஃப்ரிட்ஜ் மேல் தூக்கி வைத்துவிட்டார்.

எனக்குத்தான் கவலை. அச்சில் வந்த ஒரு விஷயம் நடக்காமல் போனால் என்ன ஆகும்? ஆளுநரே வருகிறார். கவர்னர் மாளிகை ஆளுநர் இல்லை, சங்கத்துக்கு மாவட்ட அளவில் பெரியவர், அவ்வளவுதான். எனக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்! புத்தாண்டுக் காலையில், அம்மா டிபன் டப்பாவோடு வேலைக்குக் கிளம்பும்போது போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“நீ வரலன்னா அப்பாவ போலீஸ்ல புடிச்சிக்கினு போய்டுவாங்களாம்மா?”

“போனா போட்டும். ரெண்டு நாள் சமையல் மிச்சம்” என்று சிரித்துக்கொண்டே கம்பெனி வண்டியில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கையில் மடல், காதில் பென்சில். ஒவ்வொரு வரியாக நடக்க நடக்க டிக் போடுவதாக ஏற்பாடு.

ஆறு மணி தொடக்கத்தை மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொண்டார். ஐந்து ஐம்பதுக்கு ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆளுநர் வந்தபோது ஏழேகால். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “பரவால்லியே, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்” என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைக் காதில் வைத்து ஆட்டினார். டிக்.

அடுத்து என் தேனினும் இனிய குரல். முந்தின நாள் ராத்திரி தின்ற ஐஸ்கிரீமில் தொண்டை கட்டி, தவளை கத்துகிற மாதிரிதான் வந்தது. ஆனால் கையில் மடல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பலமாகத் தட்டினார்கள். அச்சில் போட்ட பிறகு இல்லையென்று யார் சொல்லுவார்? டிக்.

மரக்கன்றுக்குத்தான் சோதனை. மண்டபத்தைச் சுற்றி ஒரு சாண் மண் கிடையாது, வாசல் வரைக்கும் சிமெண்ட். எங்கிருந்தோ ஒரு காலி பெயிண்ட் வாளியில் மண்ணைக் கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளுநர் அதில் வேப்பங்கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினார். வாளி போட்டோவில் விழாதபடி தலைவர் தன் வேட்டியை விரித்துப் பிடித்து மறைத்து நின்றார். டிக்.

போர்வைக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேன் வந்தது. இறங்கினவர்கள் நாற்பத்தாறு பேர். ஐம்பது என்று அச்சாகிவிட்டதே! லாரி முதலாளியின் மாமியார் கழுத்து நிறைய நகையோடு காரிலிருந்து இறங்கி ஒரு போர்வை வாங்கினார். மண்டபத்து வாட்ச்மேன் ஒன்று, சமையல்காரர் ஒன்று. கடைசி ஒன்றுக்கு மைக்செட்காரரைப் பிடித்தார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. தலையில் மஃப்ளரைச் சுற்றி, “கொஞ்சம் குனிஞ்சாப்ல வாய்யா” என்று அனுப்பினார்கள். பாவம், அவர் இருமிக்கொண்டே வேறு வந்தார். டிக்.

ஒரே ஒரு வரி பாக்கி.

அப்பா அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். தலைவர் அவர் பக்கம் சாய்ந்து, “மேடம் வர்லன்னா இன்னா, மருந்துக்கடை மேடம் ரெண்டு வார்த்த பேசட்டும். நீ ஏன் பேஜார் ஆவுற?” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. கடிகாரத்தை நிறுத்தலாம், மைக்செட்காரரைக் கிழவனாக்கலாம், அவருடைய பெண்டாட்டிக்கு மட்டும் அவர் யாரை மாற்றாக வைப்பார்? என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மருந்துக்கடைக்காரரின் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அப்போதுதான் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். புடவைக்கு மேல் கம்பெனி நீலக் கோட்டு, தோளில் டிபன் பை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்து வந்து, பையை என் மடியில் போட்டுவிட்டு மேடையில் ஏறினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. ஆனா பேசிட்டேன்னு புக்ல போட்டுட்டாங்க, அதான் வந்தேன்” என்றாள்.

மண்டபமே சிரித்தது. ஆளுநர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“போன வருஷம் புதுப் பொடவ கட்டிக்கினு இதே விழாவுக்கு வந்தேன். ஒரு அம்மா என்னப் பாத்து, ‘இன்னும் டீ வர்லியே, சீக்கிரம் எட்துனு வாம்மா’ன்னாங்க. நானும் உள்ள போய் எட்துனு வந்து குட்த்தேன். இந்த வருஷம் கம்பெனி கோட்டோடவே வந்துக்கிறேன். நான் எங்க வேல செய்றேன்னு இதுலயே எழுதிக்கீது, யாருக்கும் கொழப்பம் வராது.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். எங்கள் அம்மாவுக்கு இவ்வளவு தமாஷாகப் பேசவரும் என்று யாருக்குத் தெரியும்! திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல ஜோக்கு புரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இன்னிக்கி அடுப்பாண்ட நின்னு டீ போட்ட அக்காவுக்கும், டம்ளர் கழுவுன அண்ணனுக்கும் மொத நன்றி. மத்தவங்க பேரெல்லாம் புக்லயே கீது, பாத்துக்கங்க. ஹேப்பி நியூ இயர்.”

அம்மா கீழே இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவசரமாகக் கடைசி டிக்கைப் போட்டேன். கைதட்டல் அடங்கும் முன்னாடியே தலைவரின் மனைவி எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனார். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே ஒரு டம்ளர் டீயோடு திரும்பி வந்தார். அம்மா முன்னால் நின்று, அதை இரண்டு கையாலும் நீட்டினார். போன வருஷம் டீ கேட்டது அவர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. இவ்வளவு பேர் இருக்கும்போது அம்மாவுக்கு மட்டும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருக்கிறாரே, எனக்கும் ஒன்று கொண்டுவந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அம்மா டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று வந்தது. டீ ரொம்பச் சூடு போலிருக்கிறது என்று நினைத்து, நான் டம்ளரை வாங்கி, ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன்.