சியாப், புவான்!

ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களுக்குத் தேநீர் போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை என்றால் என் மாமியார் இன்றுவரை நம்பியதில்லை. ஜொகூரில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில், தலையில் அடிபட்டு நினைவும் கவனமும் சிதறிப்போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக எதுவும் இருக்காது.

மேசைக்கு அடியில்

முனியாண்டி உலு திராம்காரர். ராணுவத்தில் கோப்ரல். அவர் ஓட்டிய லோரி கவிழ்ந்து, பின்னால் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். அவருக்கு நெற்றி எலும்பு உடைந்தது. மனைவி சரசு, செனாயில் தொழிற்சாலை வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுப்பு முடியப்போகிறது. பகலில் இவர் தனியாக இருக்கலாம் என்று நான் கடிதம் கொடுத்தால்தான் சரசு வேலைக்குத் திரும்ப முடியும்.

முதல் நாள் யாரோ சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். அடுத்த நொடி நாங்கள் இருவரும் மேசைக்கு அடியில் இருந்தோம். என் மணிக்கட்டை அவர் விடவில்லை. உடம்பெல்லாம் நடுங்க என்னிடம் சொன்னார்: “பயப்படாதீங்க மிஸ், நான் இருக்கேன்லா.”

ஆறுக்கு ஆறு

பயிற்சிச் சமையலறைச் சுவரில் ஆறு படங்கள். தண்ணீர் பிடிப்பது முதல் படம், அடுப்பை அணைப்பது கடைசி. நான் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு படியாகக் குரல் கொடுப்பேன். பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்த்தே செய்துவிடுவார். சாதாரணமாக ‘மிஸ்’ என்பவர், அப்போது மட்டும் பெண் மேலதிகாரிக்கு மலாயில் சொல்வதுபோல் “சியாப், புவான்!” என்பார். முடித்துவிட்டார் என்று நான் டிக் போடுவேன். எங்கள் மின்சார அடுப்பு கேத்தலை எடுத்ததும் தானாகவே அணைந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் தொடர்ந்து ஆறுக்கு ஆறு. கடிதம் எழுதினேன். சரசு அதை இரண்டு முறை வாசித்தார்.

“நெசமாவா மிஸ்? இல்ல, என் மூஞ்சியப் பாத்து எழுதினீங்களா?”

வீட்டுச் சோதனை

சரசு வேலைக்குப் போன நான்காம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முனியாண்டிக்கு ஒரே சந்தோஷம். டீ போட உள்ளே போனார். பழக்கதோஷத்தில் கூடத்திலிருந்தே சொன்னேன்: “கேஸ மூடுங்க.” “சியாப், புவான்!” இரண்டு கோப்பைகளோடு வந்து உட்கார்ந்தார்.

பாதி குடித்திருப்போம். தீய்ந்த வாடை வந்தது. ஓடினேன். எரிகிற கேஸ் அடுப்பில் காலிக் கேத்தல். பக்கத்தில் அடி கருகிய இரண்டு சட்டிகள், அவை முந்தைய நாட்களுடையவை. அணைத்துவிட்டுத் திரும்பி, “சியாப்னு சொன்னீங்களே?” என்றேன்.

மலாயில் அது ஒரே சொல்தான். முடித்துவிட்டேன் என்றாலும் சியாப், தயார் என்றாலும் சியாப்.

“தயாரா இருக்கேன்னுதானே சொன்னேன் மிஸ். செஞ்சிட்டேன்னு எப்ப சொன்னேன்?”

மூன்று நாள்

நான் போன் செய்ததும் சரசு தொழிற்சாலைச் சீருடையோடு வந்து சேர்ந்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். இன்னும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். முனியாண்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்கு எல்லாம் மறந்திருந்தது.

சரசு கழுத்திலிருந்த வேலை அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பரவால்ல மிஸ். மூணு நாளு கேன்டீன்ல உக்காந்து சோறு சூடா தின்னேன்.”

எங்கள் தொழிலில் ஒருவர் தேறினாரா என்பதை அவர் மனைவி வேலைக்குப் போகிறாரா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் அதற்கான கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.