பசை பிடிக்காத தொட்டில்

முதல் தொட்டிலைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவன் நான். வேறு ஆள் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மேல்மாடி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்கள் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. தொட்டில் அதே அறையில் யன்னலுக்குக் கீழே நின்றது. மேலே போட்டிருந்த பிளாஸ்டிக்கைக்கூட நாங்கள் இன்னும் கழற்றவில்லை. அவள் அயர்ந்த நேரம் பார்த்து அதைப் பிரித்துப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் ஏற்றினேன். கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெட்டை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதாவது பழுதா என்று கேட்டாள். அது அவளுடைய வேலை. கேட்கத்தான் வேண்டும். பழுதில்லை, தேவைப்படவில்லை என்றேன். அவள் என்னவோ எழுத வெளிக்கிட்டாள். நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கடை மூடி இப்போது அங்கே கோழி பொரித்து விற்கிறார்கள். இன்றைக்கும் நான் எதிர்ப்பக்கத்தால்தான் நடப்பேன்.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. லண்டன் மனோர் பார்க்கில், இரண்டு பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இருந்தோம். ஊரில் சண்டை. அவளுடைய தாயோ என்னுடைய தாயோ வருவதற்கு வழியே இல்லை. லண்டனில் எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம் வெம்பிளியில் இருந்த அவளுடைய அக்கா. அந்த மனுசி பால்கஞ்சியும் பத்தியக்கறியுமாக வந்து இறங்கினாள். கறியை அடுப்பில் வைக்க முன்னமே தொடங்கிவிட்டாள்.

"பிள்ளை பிறக்க முந்தித் தொட்டில் வாங்கிறதை எங்கட சனம் எங்கையாவது செய்யுதோ? வெள்ளைக்காரனுக்குச் சரி. அவன் சவப்பெட்டியையும் முந்தியே சொல்லி வைப்பான்."

"மச்சாள், டொக்டர் சொன்னது தொப்புள்கொடியில பிழை எண்டு. தொட்டிலில இல்லை."

"டொக்டர் கண்டதைச் சொல்லுவான். காணாததை ஆர் சொல்லுறது?"

மேலே கிடப்பவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தே அவள் அதைச் சொன்னாள். கேட்டது. மனைவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. எடுக்காமல் விட்டால் மறந்துவிட்டாள் என்று நினைத்த நான்தான் மடையன்.

அடுத்த முறை அவள் வயிற்றில் ஒன்று தங்கியபோது விளங்கியது. வீட்டுக்குள் ஒரு சாமான் வரக்கூடாது. வேலைத்தலத்தில் ஒரு கிழவி பின்னிக் கொடுத்த சின்னச் சப்பாத்தை வாங்காமல் வந்துவிட்டாள். பெயர் பற்றிப் பேசக்கூடாது. பிள்ளை என்ற சொல்லே அவள் வாயில் வராது. "இது உதைக்குது" என்பாள். அவ்வளவுதான். நான் சாத்திரம் சகுனம் பார்க்கிறவன் இல்லை. அதைப் பார்க்கிறவர்களோடு சண்டை பிடித்துக் கொழுவாமல் இருந்ததும் இல்லை. ஆனால் அவளோடு கொழுவவில்லை. எனக்கும் பயம்தான். அதைப் பயம் என்று சொல்ல எனக்கு வெட்கம், அதனால் எல்லாரோடும் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிற மிட்வைப் ஒருநாள் மேல்மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். எங்கள் கட்டில், ஒரு அலுமாரி, வேறொன்றும் இல்லை. பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டாள். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு வாங்குவோம் என்றாள். மிட்வைப் என்னைப் பார்த்தாள். கெட்ட மனுசி இல்லை, ஆனால் அந்தப் பார்வை எனக்குள் இறங்கியது. பிள்ளைக்கு இடம் செய்யாத ஆட்கள் என்று எங்களைப் பற்றி எங்காவது எழுதிவிடுவாளோ, பிள்ளையைத் தரமாட்டார்களோ என்று நினைத்தேன். இந்த நாட்டில் எதையும் செய்வார்கள் என்று அப்போது நாங்கள் நம்பினோம்.

கடைக்குப் போக என்னால் ஏலாது. அப்போதுதான் நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். பின் வளவில் ஒரு மர ஷெட் இருந்தது. எங்களுக்கு முன் இருந்த கிழவன் அதற்குள் ஒரு வேலை மேசையையும் பலகையை இறுக்கிப் பிடிக்கிற வைஸையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். பள்ளிக்கூடத்தில் மரவேலை எனக்கு ஒரு பாடம். வாளும் சீவுளியும் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. மனதுக்குள் ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். வீட்டுக்குள்தானே கூடாது? ஷெட் வீடு இல்லை. துண்டு துண்டாகக் கிடந்தால் அது தொட்டிலும் இல்லை, வெறும் பலகை. சகுனம் பார்க்காதவன் ஏன் இப்படிச் சட்டம் கதைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

குசினிச் சுவரில் சட்டி பானை வைக்க ஒரு தட்டு செய்கிறேன் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் சரி என்றாள்.

பெற்றோல் ஸ்டேஷனில் எனக்குப் பின்னேர ஷிப்ட். காலையில் ஷெட்டுக்குள் போவேன். அந்த மாரிக்குளிரை எப்படிச் சொல்ல? வெளியே நின்றால் காற்று, உள்ளே நின்றால் ஈரம். மூச்சு புகையாகப் போய்ச் சின்ன யன்னலில் படிந்து, பிறகு அதுவே உறையும். உளியைத் தொட்டால் இரும்பு விரலைப் பிடித்துக்கொள்ளும். விரல் மரத்த பிறகு வெட்டினாலும் தெரியாது. பலகையில் இரத்தத்தைக் கண்டுதான் ஒருநாள் எனக்கே தெரிந்தது. மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று மூலையில் நின்றது. அதைக் கொளுத்தவில்லை. அந்த மணம் உடுப்பில் ஏறினால் மனைவிக்குக் குமட்டிச் சத்தி வரும், தட்டு செய்கிறவனுக்கு இவ்வளவு நேரம் எதற்கு ஹீட்டர் என்றும் கேட்பாள். மரத்தூளில் நெருப்பு பிடித்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

பயத்துக்கு அங்கே குறைவே இருக்கவில்லை. தொட்டிலின் இரண்டு நீளப் பக்கங்களிலும் மேல் சட்டம், கீழ்ச் சட்டம், நடுவில் வரிசையாகக் கம்புகள். கம்புக்கும் கம்புக்கும் இடையில் பிள்ளையின் தலை போகக்கூடாது. உடம்பு போய்த் தலை மாட்டினால் முடிந்தது கதை. அதற்கென்று ஒரு மரத்துண்டை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் விட்டுப் பார்ப்பேன். துண்டு இலகுவாகப் போனால் கம்பை எடுத்துத் திரும்ப அளப்பேன். ஒரு சட்டத்தில் துளை கொஞ்சம் விலகிவிட்டது. சாதாரண ஆள் பார்த்தால் தெரியாது. அந்தச் சட்டத்தை முறித்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். சிராய் குத்துமோ என்று ஒவ்வொரு கம்பையும் சாண்ட் பேப்பரால் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மரத்தின் குளிரில் கன்னம் விறைக்கும். பெயின்ட்டைப் பிள்ளை சப்பும் என்று பெயின்ட் அடிக்கவேயில்லை.

ஏழாம் மாதம் வந்தது. அந்த மாதம் நான் ஷெட்டைத் திறக்கவில்லை. எனக்கு வேலை கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் கழிந்தது. இது உதைத்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் துணிவு வந்தது. துண்டுகளைப் பசை இல்லாமல் பொருத்திப் பார்த்தேன். நின்றது. கழற்றி வைத்தேன்.

பிறகு ஒருநாள் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். நெடுநேரம் கதை. மனைவி ஓம் அக்கா, ஓம் அக்கா என்று கொண்டிருந்தாள். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையைக்கூட இப்போது அடுக்க வேண்டாமாம், வலி வந்த பிறகு அடுக்கட்டாம் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே ஷெட்டுக்குப் போனேன். போத்தலைப் பிழிந்து, ஒரு பக்கத்துக் கம்புகள் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசை பூசித் துளைக்குள் இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இனி இது வெறும் பலகை இல்லை, யார் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் முடித்ததும் ஆத்திரம் போய்விட்டது. மற்றப் பக்கத்தைத் தொட மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை போய்க் கிளாம்பைக் கழற்றினேன். மேல் சட்டம் கையோடு வந்தது. கம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தில் விழுந்தன. பசை பிடிக்கவில்லை. துளைகளுக்குள் மாவாக, சுண்ணாம்புபோல வெள்ளையாகக் கிடந்தது. குளிர் கூடினால் அந்தப் பசை இறுகாது, தூளாகிப் போகும். போத்தலிலேயே எழுதியிருக்கிறது. நான் முதலே வாசித்தும் இருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த வெள்ளைத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் போத்தல் நினைவுக்கு வரவில்லை. வேறொன்று வந்தது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரம் குசினிக் கதவு திறந்து மூடியது. மனைவி வீட்டுச் செருப்போடு, உறைந்த புல்லுக்கு மேலால் வந்துகொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் ஷெட் பக்கம் வந்ததில்லை. நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பார்க்கக்கூடாதே என்று. என்ன புத்தி பாருங்கள். அவள் உள்ளே பார்க்கவேயில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "விடியத் தொடக்கம் இது அசையேல்லை."

வாடகை மினிகாப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கையில் அந்தத் தூள் அப்படியே இருந்தது. காற்சட்டையில் தேய்க்கத் தேய்க்க அது விரல் இடுக்குக்குள் போனது. மனைவி அதைப் பார்க்கிறாளோ என்று கையை மடியில் கவிழ்த்து வைத்தேன். அங்கே ஒரு நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து இதயத்துடிப்பைத் தேடினாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். இரைச்சல் மட்டும்தான் வந்தது. முதல் முறையும் இப்படித்தான் தொடங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும், அதனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நர்ஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவள் வந்து, இன்னும் கீழே வைத்து அழுத்தினாள். கேட்டது. மெல்லிசாக, பிந்திப் பிந்தி. ஆனால் கேட்டது.

உடனே ஒப்பரேஷன் என்றார்கள். என்னை வெளியே ஒரு நீள ஆசனத்தில் இருத்தினார்கள். அந்த வாங்கில் இருந்தபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம். ஓடிப்போய் ஷெட்டுக்குள் கிடப்பதை எல்லாம் முறித்து நெருப்பு வைக்க வேண்டும். ஆர் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று முதல் நாள் நினைத்தவன் நான். இப்போது ஆரிடமோ கெஞ்சிக்கொண்டு இருந்தேன். ஆரிடம் என்றும் தெரியாது.

பெண் பிள்ளை. உயிரோடு வந்தாள். உள்ளங்கையை விரித்தால் முதுகு அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் விட்டிருந்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல ஏலாது, பார்ப்போம் என்றார் டொக்டர். நான் கண்டுவிட்டு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் மயக்கம் தெளிந்து, வாய் காய்ந்து கிடந்தாள். பிள்ளை ஆரைப்போல என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஷெட்டுக்குள்ள கிடக்கிறதை ஒட்டினனீங்களோ?"

அது குசினித் தட்டு என்று சொல்ல வெளிக்கிட்டேன்.

"குசினி யன்னலால எல்லாம் தெரியும்," என்றாள். "தட்டு செய்யிறவர் ஏன் அத்தினை கம்பு சீவுறார்? சொல்லுங்கோ. ஒட்டினனீங்களோ?"

"ஒரு பக்கம் ஒட்டினனான். பிடிக்கேல்லை. குளிர்."

"பிடிக்கேல்லையோ?"

"இல்லை. கழண்டு போச்சு."

அவள் கண்ணை மூடினாள். நித்திரை என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "நல்லது. அப்பிடியே கிடக்கட்டும். அவள் வீட்டை வந்தாப் பிறகு ஒட்டுங்கோ," என்றாள்.

அவள். இது என்று சொல்லவில்லை.

குளிரில் பசை பிடிக்காது, அது போத்தலில் எழுதியிருக்கிறது, பிள்ளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பிள்ளை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள். அந்த நிலையில் சரி பிழை சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாட்கள் போகப்போகக் குழாயைக் கழற்றினார்கள். பிறகு பால் குடித்தாள். கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்ன நர்ஸ், வீட்டில் கொட், அதுதான் தொட்டில், ஆயத்தமா என்று கேட்டாள். ஆயத்தம் என்று முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். துண்டுகளை முன்னறைக்குள் கொண்டுவந்து சுவரில் சாத்தி, துளைகளுக்குள் இருந்த சுண்ணாம்பை எல்லாம் சுரண்டி, புதுப் பசைப் போத்தல் ஒன்றை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. என்னைப் போன்றவன் ஒருவன், பிள்ளை வாசற்படி ஏறும்வரை ஒரு சொட்டுப் பசை தொடாமல் காத்திருந்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று மச்சாளும் சட்டி பானையோடு வந்தாள். முன்னறையில் சாத்திக் கிடந்த கம்புகளைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இன்னும் ஒட்டேல்லையோ? பிள்ளை வந்திட்டுதெல்லோ. ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

கொன்றிருப்பேன். ஆனால் ஒரு பக்கத்தை நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். "இதைப் பிடியுங்கோ மச்சாள்," என்றேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு குந்தியிருந்து பிடித்தாள். நான் பசை பூசினேன். கிளாம்பை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று எனக்குப் படிப்பித்தாள். மேலே பிள்ளை கத்தும் சத்தம் கேட்டது. கத்தாமல் இருந்த நேரம் எல்லாம் நான் கையை நிறுத்திக் காது கொடுத்தேன். மச்சாளும் பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த நாள் பசை கல்லாக இறுகியிருந்தது. மேலே கொண்டுபோய்ப் பக்கங்களைப் பூட்டி, அதே யன்னலுக்குக் கீழே வைத்தேன். வேறு இடம் இல்லை. மனைவி பிள்ளையைக் கிடத்தினாள். அவ்வளவு பெரிய தொட்டிலில் ஒரு மூலைக்குள்ளேயே அடங்கிவிட்டாள். நான் முழங்காலில் நின்று ஒரு கம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்ததை இழுத்தேன். இப்படியே ஒரு பக்கம் முடித்து, சுற்றிப் போய் மற்றப் பக்கமும் முடித்தேன். பிறகு முதல் கம்பிலிருந்து திரும்பவும் தொடங்கினேன்.

"காணும், விடுங்கோ. பிடிச்சிட்டுது," என்றாள் மனைவி.

நான் அடுத்த கம்பைப் பிடித்து இழுத்தேன்.