ஈஸ்ட்டை மாற்றிக் காய்ச்சிய பீர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கோயமுத்தூரில் கிரைண்டர் பட்டறை போட்டு, இன்ஜினீயர்களுக்கே சம்பளம் கொடுத்தவன். அதனால் அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்கிற ஊரில், மகன் வீட்டு கராஜில் தூசி படிந்து கிடந்த பீர் காய்ச்சும் சாமான்களைப் பார்த்து மலைக்கவில்லை. அவன் ஒரே ஒரு முறை காய்ச்சிவிட்டு ஒதுக்கிப் போட்டதை நான் எடுத்துக்கொண்டேன். வேறென்ன வேலை? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனும் மருமகளும் காலையில் ஃப்ரீவேயில் ஏறினால் இருட்டித்தான் வருவார்கள்.

ஹாப்ஸ் என்கிற பூவைத் தாராளமாகப் போடுவேன். கசப்பும் வாசனையும் அதில்தான். "அங்கிள், கடையில வாங்குறதெல்லாம் இதுகிட்ட நிக்காது" என்பார்கள் மகனின் நண்பர்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? ஆனால் நான் அவர்களுக்காகக் காய்ச்சவில்லை. ஒரு சனிக்கிழமையாவது மகன் என் எதிரில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்து, நாலு வார்த்தை பேச வேண்டும். அவனோ, கூப்பிட்டால் "ரொம்பக் கசக்குதுப்பா" என்று நழுவிவிடுவான்.

ஹாப்ஸைக் குறைத்தால் பீருக்கு உயிரே போய்விடும். சாமான் விற்கும் கடையில் இருந்த தாடிக்காரரிடம் என் அரைகுறை இங்கிலீஷில் யோசனை கேட்டேன். புளிக்க வைக்க நான் போடுகிற ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறது, அதனால்தான் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது என்றார். கொஞ்சம் இனிப்பை விட்டுவைக்கும் இங்கிலாந்து வகை ஈஸ்ட் ஒன்றைக் கொடுத்தார். மற்ற எதையும் மாற்றவில்லை. ஈஸ்ட்டை மட்டும் மாற்றினேன்.

டெக்சாஸ் வெயிலில் கராஜுக்குள் வைத்தால் ஈஸ்ட் கெட்டுவிடும். காய்ச்சியதை ஊற்றி மூடிய வாளியை என் பாத்ரூம் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்தேன்.

"மாமா, அப்ப நீங்க எங்க குளிப்பீங்க?" என்றாள் மருமகள்.

"பீர் முக்கியமா, குளியல் முக்கியமாம்மா?"

"எங்க மூக்கு முக்கியம் மாமா."

பகலெல்லாம் வாளி மூடியின் குழாய் புளுக் புளுக்கென்று குமிழி விட்டது. அந்த வீட்டில் என்னோடு பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

பாட்டிலில் அடைத்துக் காத்திருந்து திறந்தபோது பழுத்த கொய்யா வாசனை. கசப்பு நாக்கின் ஓரமாக ஒதுங்கிவிட்டது. இப்படி ஒரு பீரை இந்த ஊரில் எவனும் காய்ச்சியிருக்க மாட்டான்.

சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேஜையில் இரண்டு கிளாஸ் ஊற்றினேன். மகன் ஒன்றை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி ஒரு வாய் குடித்தான்.

"செமையா இருக்குதுப்பா."

"அப்ப இங்க வந்து உக்காரு."

"இல்லப்பா, நான் வெளிய போய்..."

"கசப்புதான் போயிருச்சேடா?"

"கசப்பில்லப்பா." தலை நரைத்தவன், கிளாஸைப் பின்னால் மறைத்தான். "உங்க முன்னாடி எப்பிடிக் குடிக்கிறது?"

"காய்ச்சினதே நாந்தாண்டா!"

"அதுக்காக?"

அப்படி வளர்த்தவன் நான்தான். அதற்குப் பெருமைப்படுவதா, நொந்துகொள்வதா என்று அன்றைக்குத் தெரியவில்லை. எழுந்தேன். என் நாற்காலியைத் திருப்பி, ஃப்ரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"இப்பக் குடி."

பிறகு எனக்குப் பின்னால் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மிடறு.

"முட்டி வலி எப்பிடிப்பா இருக்குது?"

"பரவால்ல கண்ணு" என்றேன், ஃப்ரிட்ஜிடம்.