பஞ்சுப் புழுவுக்கு வைத்த விஷம்

கொரோனாவுக்கு மூடிக் கிடந்த பொள்ளாச்சி மாட்டுச் சந்தை மறுபடி கூடிய வாரம் அது. தேதியெல்லாம் தெரியாது, நான் பள்ளிக்கூடப் பக்கம் போனவனில்லை. சந்தையில் அன்று மாட்டைவிட மனுஷக் கூட்டம்தான் அதிகம். அது கிடக்கட்டும்.

எங்கள் வாசலில் ஒரு குட்டை இளநீர் மரம். அதன் ஓலையை ஏதோ ஒன்று குழலாகச் சுருட்டி, நூல் விட்டுத் தைத்து வைத்திருந்தது. பிரித்தால், உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு தொங்க விரல் நீளப் புழு! தொட்ட கையில் சுண்ணாம்பாக ஒட்டியது. முன்பு வெள்ளை ஈ வந்து, ஓலையில் கரும்பூசணம் படிந்து தோப்பே கறுத்துப்போன பயம் எனக்கு இன்னும் விடவில்லை. அன்று சாயங்காலமே ஒரு வேரை நுனியில் வெட்டி, பூச்சி மருந்து ஊற்றிய பையை அதில் கட்டினேன். மரம் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். ஒன்றரை மாதம் காயைத் தொடக்கூடாது. அடையாளத்துக்கு மரத்தில் துணி கட்டுவது வழக்கம். விடிந்ததும் கட்டலாம் என்று விட்டேன். விடிந்ததும் சந்தை ஞாபகம். வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

திரும்பி வந்தால், ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

“துப்பு அம்மணி! துப்பிப்போடு!”

“ஏனுங்க மாமா? ரெண்டாவது காயுங்க இது. நல்லாத் தித்திப்பா இருக்குதுங்க.”

விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோவில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலியா, பயமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில், மடியில் கட்டி வந்த மருந்துப் பாட்டிலை நீட்டினேன். படித்ததும் டாக்டர் முகம் மாறியது. மறுநாள் மத்தியானம் வரை வராந்தாவில் கிடந்தேன். உள்ளே அவள் இருமும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து வேரைத் தோண்டினேன். பையில் மருந்து அப்படியே இருந்தது. அவசரத்தில் செத்த வேரில் கட்டியிருக்கிறேன்!

வேளாண்மை ஆபீஸ் அம்மா வந்து பார்த்துச் சிரித்தார். “இதுக்குப் போயி வெசமுங்களா பெரியவரே? பட்டாம்பூச்சிப் புழுங்க. பாதியைக் குளவியே தீத்துப்போடும். மிச்சத்தச் சுருளோட கிள்ளி எறிஞ்சாப் போதுமுங்க.”

கிள்ளாமல் விட்ட ஒரு சுருளிலிருந்து சில நாளில் பட்டாம்பூச்சி வெளியே வந்தது. அந்திக் கருக்கலில் வெடுக் வெடுக்கென்று துள்ளிப் பறந்து, வாசல் விளக்கடியில் உட்கார்ந்தது. பழுப்பு இறக்கை, ரத்தச் சிவப்பில் கண். மருமகள் அழகு என்றாள். நான் எழுந்து விளக்கை அணைத்தேன்.

எனக்குச் செத்த வேர் வாய்த்தது, எல்லோருக்கும் வாய்க்காது. தென்னை வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் சொல்லிவிடுங்கள்: மருந்து வைப்பதற்கு முன்னால் மரத்தில் துணியைக் கட்டட்டும், வீட்டில் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லட்டும்.