மயிலை போட்டுக் கொடுத்த குதிரைச் சட்டம்

எங்கள் ஊரான பெருமாட்டிப் பக்கம் குதிரை வைத்திருந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் குதிரையைப் பற்றித்தான் சண்டை.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி, கோயமுத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். விடுதியில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டைப் பாதி கற்றுக்கொண்டு, மீதியைத் தானே இட்டுக்கட்டி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டமும் இல்லை, காயும் இல்லை. ஆளுக்கு ஒரு வீரன். அவன் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். காடு, மழை, பூதம் எல்லாம் மாமாவே. அடி விழுந்ததா தப்பியதா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். குதிரைமேல் இருந்து வெட்டினால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். குதிரைமேல் இருப்பவன் அடிபட்டால் தாயம் போட வேண்டும், இல்லையென்றால் மயக்கம்.

அண்ணன் கோட்டைத் தலைவன். பெண்பிள்ளை, அதிலும் சின்னவள் என்று எனக்குத் தூதன் வேலை கொடுத்தார்கள். கோட்டையில் எல்லோரும் பூதத்தின் விஷத்தில் சுருண்டு கிடக்க, நான் குதிரையில் மருந்து கொண்டுபோக வேண்டும். "மருந்து வரலீனா இந்த லீவு முச்சூடும் உன்னயச் சேத்துக்க மாட்டேன்" என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன்தான்.

பாதி வழியில் பூதம் அடித்தது. தாயம் விழவில்லை. என் வீரன் குதிரைமேலேயே மயங்கிச் சாய்ந்தான்.

"அவ்வளவுதான் அம்மிணி. ஓட்டறதுக்கு ஆளில்ல, குதிரை நின்னு போச்சு" என்றார் மாமா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "ஏனுங் மாமா நிக்கோணும்? அதுக்கு ஊட்டுக்கு வழி தெரியாதுங்களா? சந்தைக்குப் போனா அப்பா வண்டியில தூங்கீட்டேதான் வருவாரு. மயிலைதான் கொண்டாந்து சேக்குது!"

மயிலை எங்கள் வண்டி மாடு. சந்தை அலைச்சல் அப்பாவை அப்படி அடித்துப் போட்டுவிடும் என்பது வீட்டில் எல்லோரும் நம்பிய விஷயம். மாடும் குதிரையும் ஒன்றா என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. சட்டம் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மறுநாள் அப்பா வயலுக்குப் போனதும் மாமா வண்டியைப் பூட்டினார். சந்தை கூடுகிற கொழிஞ்சாம்பாறையில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும் என்று அம்மாவும் எங்களோடு ஏறிக்கொண்டாள். திரும்பும்போது மாமா கயிற்றை முன்கட்டையில் கட்டிவிட்டு, கையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுத்தார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

மயிலை நடந்தது. பொள்ளாச்சி பஸ்ஸுக்குத் தானே ஒதுங்கி வழிவிட்டது. பாதை பிரிகிற இடத்தில் தயங்காமல் எங்கள் பக்கம் திரும்பியது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் பாதையை விட்டு இறங்கி, கள்ளுக்கடைப் புளியமர நிழலில் போய் நின்றது.

அண்ணன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

கடைக்காரர் நுரை பொங்கும் மொந்தையோடு வெளியே வந்தார். "ஏனுங் மொதலாளி, இன்னைக்கு நேரத்துலயே..." என்றவர், வண்டிக்குள் அம்மாவைக் கண்டதும் மொந்தையோடு அப்படியே திரும்பிப் போனார். மயிலை சாவகாசமாக அசைபோட்டது. பிறகு யாரும் ஒன்றும் சொல்லாமலே கிளம்பி, நேராக எங்கள் கட்டுத்தறிக்கு வந்துதான் நின்றது.

நான் வண்டியிலிருந்து குதித்தேன். "பாத்தீங்களா மாமா! வழியும் தெரியுது, நிக்கற எடமும் தெரியுது!"

"தெரியுது கண்ணு, நல்லாவே தெரியுது" என்றார் மாமா. அம்மா ரவிக்கையைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சட்டம் அமலுக்கு வந்தது. வீரன் நினைவிழந்தாலும் குதிரை பழகிய வழியில் போகும். 'பழகிய இடத்தில் நிற்கும்' என்பதையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தவள் நான்தான். என் குதிரை பூதத்தின் காலிடுக்கில் புகுந்து, காட்டைக் கடந்து, மயங்கிய வீரனோடு கோட்டை வாசலில் வந்து நின்றது. அண்ணன் தன் வாயாலேயே "கதவத் தொறக்கறேன்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம், பின்னாளில் வாங்கிய எந்தப் பட்டத்திலும் வரவில்லை.

வயலிலிருந்து வந்த அப்பாவிடம் ஓடிப்போய் ஒன்று விடாமல் சொன்னேன், புளியமரம் உட்பட. சொம்புத் தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா மறுபடியும் சொம்பை எடுத்துக்கொண்டார்.

அதன்பின் விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு சந்தைக்கும் அப்பாவோடு மாமாவும் வண்டியேறினார். என் சட்டத்தைச் சரிபார்க்கத்தான் போகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பி வந்ததும் முதல் ஆளாகப் போய் விசாரிப்பேன்.

"இன்னைக்கும் அங்க நின்னுச்சுங்களா மாமா?"

"நின்னுச்சு கண்ணு. நாங்கதான் எறங்கல."

அப்பா அந்த நாட்களில் தூங்காமல், தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இத்தனை கெட்டிக்கார மாடு இருக்கும்போது அவர் ஏன் வீணாகக் கண்விழித்துக் கஷ்டப்படுகிறார் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.