அண்ணி கேட்ட கருத்து

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி அந்த இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். குக்கரை அடுப்பில் ஏற்றிய ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நேராகப் போய் டிவியை அணைத்தார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். செய்தி நேரத்தில் அந்த டிவியைத் தொடும் தைரியம் அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அப்பா வாயைத் திறப்பதற்குள், “மாமா, மணி ஏழாச்சு. பத்து நிமிசம் ஜெபம் சொல்லிட்டு அப்பறம் பாருங்க, அந்த ரெண்டு பேரும் எங்கயும் போயிர மாட்டாங்க” என்று சொல்லிப் பாயை விரித்தார். நான் அண்ணன் காதில், “பத்து நாள் தாங்குமாடா இது?” என்றேன்.

போன மாதம் கோவையில் நான் போகும் சபையில், வாலிபர் கூட்டத்தில் தினசரி ஜெபப் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாள் தாங்குமா என்று கேட்ட வாய் இது! ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வேதப் பாடம் நடத்துகிற அளவுக்கு எனக்கு ஞானம் கிடையாது. என் அண்ணியைப் பற்றிப் பேச மட்டும் எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அவரை என் அளவுக்குக் கேலி செய்தவன் வேறு யாரும் இல்லை. அன்று நேரமில்லாமல் பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு அப்போது மூன்று ஆண்கள் மட்டும் இருந்த வீடு. அப்பா தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு மார்க்கெட்டில் வெங்காயக் கடை. நான் வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். நாங்கள் நான்கு தலைமுறை புராட்டஸ்டண்ட் குடும்பம். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்காருவார். ஆனால் வீட்டில் ஜெபம் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாற்பது நாள் அப்பா முழங்காலில் நின்றார். அம்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் வாய் திறந்து ஜெபித்து நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் பரிசோதிக்கப் போனான். அங்கே ஊசி குத்திய பெண்ணையே கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றான். சின்னாளப்பட்டிப் பக்கத்துப் பெண், ஆர்.சி. குடும்பம், அதாவது ரோமன் கத்தோலிக்கர். அடடா, அப்பா ஆடிய ஆட்டம்! ‘வேற மதத்துல எடுத்தாக்கூடச் சொல்லிக்கலாம்லே, ஆர்.சி.ல எடுத்துட்டு வந்து நிக்கிற, சபையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?’ என்று அவர் கேட்டதன் நியாயம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணத்துக்கு வந்தார். வந்து, அவர்களுடைய மாதா கோயிலுக்குள் நுழையாமல் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே சோறு, நடுவில் நான். “மோட்டார் போட்டாச்சான்னு உங்கண்ணங்கிட்டக் கேளு” என்பார் அப்பா. இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன், “போட்டாச்சுன்னு சொல்லுடா” என்பான்.

அண்ணி பாய் விரித்த முதல் வாரம் அப்பா வந்து உட்காரவில்லை. அண்ணி கூப்பிடுவார், அப்பா வர மாட்டார், நாங்கள் மூன்று பேரும் சொல்லி முடிப்போம், அண்ணியே டிவியைப் போட்டு ரிமோட்டை அவர் கையில் கொடுப்பார். முகத்தில் கோபமும் இருக்காது, அழுகையும் இருக்காது. எட்டாம் நாள் அப்பாவே வந்து உட்கார்ந்தார். பக்தியால் வந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தன் வீட்டில் ஓர் ஆர்.சி. பெண் ஜெபத்தை நடத்துவதா என்ற ரோசம்தான். “மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதெல்லாம் ஜெபமாம்மா? ஆவியில நிறைஞ்சு பேசணும்” என்று சொல்லிக் கண்ணை மூடினார். முக்கால் மணி நேரம்! ஆதியிலே தொடங்கி, அரசாங்கத்துக்கு வந்து, எங்கள் தெருச் சாக்கடையைத் தொட்டு, கடைசியில், “ஆண்டவரே, பெத்த தகப்பனை மதிக்காத பிள்ளைகளுக்கு நல்ல புத்தியைத் தாரும்” என்று முடித்தார்.

அண்ணன் சும்மா இருப்பானா? மறுநாள் அவன் கண்ணை மூடி, “ஆண்டவரே, மருமகளை வாசல்ல வந்து கூப்பிடாத மாமனார்மாருக்கு இரக்கத்தைத் தாரும்” என்றான். அதற்கு அடுத்த நாள் அப்பா, பெயர் சொல்லாமல், வெங்காய மூட்டையைப் போல் தலை கனத்துப் போனவர்களுக்காக மன்றாடினார். இதுதான் எங்கள் ஆட்களின் பெரிய வியாதி. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரை நடுவில் உட்கார வைத்துச் சொல்வது. கண்ணை மூடிக்கொண்டால் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். முடிவில் ஆமென் என்றும் சொல்லிவிடலாம். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்து, சூடான இடங்களில் “ஸ்தோத்திரம்” என்று சத்தமாகச் சொல்லி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பொழுதுபோக்கு எனக்கு. அண்ணி மட்டும் தலை குனிந்தபடியே இருப்பார்.

அப்பா வந்து உட்கார்ந்த நாலாம் நாள் ஆமென் சொன்னதும் அண்ணி எழுந்திருக்கவில்லை. “மாமா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க ரெண்டு பேரும் சொல்றது ஜெபமா, பெட்டிசனா?” என்றார். அப்பா திகைத்துப் போனார். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. “எங்க வீட்ல ஜெபம் சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் கருத்து கேப்போம். இன்னைக்கு உங்களுக்காக என்னத்தக் கேட்டு வேண்டிக்கணும்னு அவங்ககிட்டயே கேக்கணும். அவங்க என்ன சொல்றாங்களோ அத மட்டும் ஆண்டவர்கிட்டச் சொல்லணும், ஒரு வார்த்தைகூடச் சேக்கக் கூடாது. நாளைலருந்து இங்கயும் அப்படித்தான். ஒருத்தருக்கு ஒருத்தர், தெனம் ஆள் மாறும்.” நாங்கள் நான்கு பேர், ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை அப்பா அண்ணனுக்காகவும், அண்ணன் அப்பாவுக்காகவும் ஜெபிக்கும்படி முறை வந்தது. அதற்கு முன் நேருக்கு நேர் பார்த்துக் கேட்கவும் வேண்டும்.

முதலில் அண்ணன் முறை வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு, “உங்க கருத்து என்ன?” என்றான். அப்பா என்னைப் பார்த்து, “எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லுடா” என்றார். அண்ணி அண்ணனைப் பார்த்து, “அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க” என்றார். அண்ணன் கண்ணை மூடி, “ஆண்டவரே, எங்கப்பாவுக்கு ஒண்ணும் வேணாமாம்” என்றான். நான் சிரிப்பை அடக்க முடியாமல் புரண்டு போனேன். அப்பாவின் உதடுகூட லேசாகத் துடித்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

அப்பாவின் முறை வந்த அன்று ஆறே முக்காலுக்கே அவர் செருப்பை மாட்டிவிட்டார். “செத்த நேரம் வெளிய போயிட்டு வாரேம்மா.” அடுத்த முறை கமிட்டிக் கூட்டம். அதற்கடுத்த முறை குடைக்குக் கம்பி மாற்ற வேண்டுமாம். கோடை வெயில் கொளுத்துகிற நேரம்! முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் சாக்கையெல்லாம் கேட்டுக் கேட்டு அவரிடம் அவ்வளவு சரக்கு இருந்தது. அன்றைக்கெல்லாம் பாயில் அவர் இடம் காலியாக இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை எங்கள் அண்ணனுக்காக மட்டும் அந்த வீட்டில் யாரும் ஜெபிக்க மாட்டார்கள். எனக்கே மனசு பொறுக்காமல் ஒருநாள், “நான் கேக்குறேன் அண்ணி” என்றேன். “அது மாமா முறை, தம்பி. அவரு வந்து கேப்பாரு” என்றார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அண்ணிக்கு இது என்ன வீம்பு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த வீம்பில்தான் வீடு ஓடியது. அண்ணி ஒருநாளும் விடவில்லை. காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரண்ட் போனால் மெழுகுவத்தி. சொந்தக்காரர் வந்தால் அவர்களுக்கும் பாயில் இடம். பத்து நிமிடத்துக்கு மேல் போக விடமாட்டார். யாராவது ஒருநாள் வராவிட்டால் மறுநாள் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார். “நேத்து போனது போச்சு, இன்னைக்கு வந்தாச்சுல்ல” என்பார், அவ்வளவுதான். கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லும்போது அப்பா ‘பிதாவே’ என்பார், அண்ணி ‘தந்தையே’ என்பார், வரிக்கு வரி முட்டிக்கொண்டு போகும். ஆனாலும் ஆமென் மட்டும் ஒன்றாக வந்து சேரும். எனக்கு வேலை கிடைக்காத வருத்தத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்தப் பாயில்தான். அப்பா அதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல், ஆண்டவரிடம் சொன்னார். அன்றிலிருந்து கேலியை நிறுத்தினேன்.

ஒரு வருடம் ஆகும்போது அண்ணி உண்டானார். ஏழாவது மாதத்தில் அவருக்குப் பிரஷர் ஏறியது. டாக்டரம்மா முழு ஓய்வு என்று சொல்லிவிட்டார். அண்ணியின் அம்மா வந்து அழைத்துப் போனார். கிளம்பும்போது அண்ணி பிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டினார். மூன்று ஆண்களுக்கான ஜெப முறை. முதல் வரியே, ‘திங்கள்: மாமா, இவருக்காக’, அதாவது அண்ணனுக்காக அப்பா. ஏலே, செத்தார் அப்பா என்று நினைத்தேன். அதைவிட, கேட்பதற்கு அண்ணி இல்லாத வீட்டில் இனி யார் பாய் விரிக்கப் போகிறார்கள்? எல்லாம் இன்றோடு முடிந்தது என்றுதான் தோன்றியது.

திங்கள் சாயங்காலம். நான் டிவி முன்னால் இருந்தேன். அண்ணன் கடையிலிருந்து வந்து குளிக்கக்கூட இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஆறே முக்காலுக்கு அப்பா எழுந்தார். செருப்பைத் தேடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டிவியை அணைத்தார். பாயை விரிக்கத் தெரியாமல் தலைகீழாக விரித்தார். உட்கார்ந்து, ஏழாகும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய் உட்கார்ந்தோம். அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“ஏலே அப்பு, உன் கருத்து என்னலே?”

அண்ணன் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்பா அவசரப்படுத்தவில்லை. கடைசியில், “பயமா இருக்குப்பா. அம்மா மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு” என்றான்.

முக்கால் மணி நேரம் ஜெபிக்கத் தெரிந்த மனிதர் என் அப்பா. அன்று கண்ணை மூடினார். பிறகு, “ஆண்டவரே, எம் பிள்ளைக்குப் பயமா இருக்காம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எனக்கும்தான்” என்றார். ஒரு வார்த்தைகூடக் கூட்டக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அப்பா ஒரு வார்த்தை கூட்டிவிட்டார். அதை யார் போய்க் குறை சொல்வது!

ஏழேகாலுக்கு அண்ணி என் போனுக்குக் கூப்பிட்டார். “ஜெபம் முடிஞ்சுதா தம்பி? மாமா கேட்டாரா?” “கேட்டாரு அண்ணி” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, “சரி, இன்னைக்குச் சோத்துக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம் வச்சீங்க?” என்றார்.

அண்ணன் மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் கோவைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் தினமும் ஏழு மணிக்கு வீட்டிலிருந்து போன் வரும், ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் எனக்கென்று ஓர் இடத்தில் வைப்பார்கள். வெளியூர் போன இடத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டும் நான் ஆமென் சொல்லியிருக்கிறேன். என் அண்ணி ஏற்படுத்திய பழக்கம் இது என்று யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட எனக்கு வெட்கமே இல்லை. போன வாரம் அப்பாவுக்காக என் முறை. “உங்க கருத்து என்னப்பா?” என்று போனில் கேட்டேன்.

“எனக்கு என்னலே வேணும்? ஒங்க அண்ணி நல்லாருக்கணும்னு சொல்லு” என்றார்.

தூரத்தில் அண்ணியின் குரல் கேட்டது. “அதெல்லாம் முறையில்ல மாமா. உங்களுக்கு என்ன வேணுமோ அதத்தான் சொல்லணும்.”

“எனக்கு வேண்டியதத்தாம்மா சொல்றேன்” என்றார் அப்பா.